சேஸிஸ் எண்

சோனாலி எல்லைக்கு
இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்.
ஆதார் செல்லாது என்றார் ஏஜென்ட்,
வாக்காளர் அட்டை, இல்லாவிட்டால் பாஸ்போர்ட்.
கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில்
ஜெராக்ஸ் கடை மேசைமேல்
என்னைப் பரப்பி வைத்தேன்.

அட்டையில் முனிரத்னா,
கணவர் பெயர் திம்மராயன்.
லைசென்ஸில் முனிரத்தினம்மாள்,
தகப்பன் பெயர் ஓபுளப்பா.
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கேட்ட கட்டம்
அப்பாவை இழுத்து உள்ளே போட்டுக்கொண்டது.
நேபாளத்துக் காவலர்
ஓபுளப்பா என்று கூப்பிட்டால்
மத்தூர் மாந்தோப்பில் புதைத்த மனுஷன்
எழுந்து வந்துவிடப் போகிறார்,
வேட்டியில் மண்ணோடு.

காருக்கு இந்தத் தொல்லை கிடையாது.
ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று
மூன்றிலும் அது ஒரே கார்.
பதிவுக்குப் போன அன்று
ஆர்டிஓ ஆபீஸ் புளியமரத்தடியில்
பானெட்டைத் தூக்கி
இரும்பில் பொறித்த எண்மேல் காகிதம் வைத்து
பென்சிலால் தேய்த்தார்கள்.
பதினேழு எழுத்தும்
கறுப்பாக மேலே வந்தன.

என்னில் எங்கே தேய்ப்பது?

"எத்தனை பேர் போறீங்க அக்கா?"
கடைப் பையன் கேட்டான்.
"தனியாத்தான்."
மெஷினை நிறுத்திவிட்டு
அட்டைகளை
இன்னொரு தடவை எண்ணினான்.