வில்லங்கம்

முதலில் இடது கண்.
பதிவேட்டின் சிவப்பு மை
வெயிலில் கிடந்த செங்கல் நிறமானது.
பிறகு, தலை குனிந்தால்
பிடரியிலிருந்து குதிகால் வரை மின்சாரம்.

கோரிமேட்டில்
படத்தை வெளிச்சத்தில் மாட்டி
மூளையின் வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார் டாக்டர்.
நரம்பின் மேலுறையை
உடம்பே அரிக்கிறதாம்.

ஏன் என்றார் தனசீலன்.

டாக்டர் என்னைக் கேட்டார்:
காலேஜ் வயதில் கழுத்தில் நெறிகட்டி
வாரக்கணக்கில் காய்ச்சல் வந்ததா?
ஒரு வைரஸ். எச்சிலில் பரவும்.
அதன் சாயல் நரம்புறையிலும் கொஞ்சம் இருக்கிறது.
அதைத் தேடிப் போன காவல்
வீட்டுக்காரனைப் பிடித்து அடிக்கிறதோ என்று
ஒரு சந்தேகம்.

மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் அலுவலகத்தில்
எனக்குப் பதினோரு வருஷம்.
ஆள்மாறாட்டம்.
இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வந்தது என்றேன்.

இரண்டாம் வருஷம், ஐப்பசி.
பொன்னுக்கு வீங்கி என்று
அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள்.
அதற்கு ஒரு மாதம் முன்
தேவனாம்பட்டினத்தில்
கவிழ்த்துப் போட்ட படகின் மறைவில்
பன்னீர் சோடா மணக்க
ஜெரால்டு.

முள்ளோடை தாண்டியதும் பஸ்ஸில் கேட்கிறார்,
"என்ன காய்ச்சல் அது?
சொன்னதே இல்லையே."
பொன்னுக்கு வீங்கி என்கிறேன்.
அதுவாகவே கூட இருந்திருக்கலாம்.

நிலமென்றால்
முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்.
யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தத் தேதி,
நான்கெல்லை என்ன,
கட்டணம் கட்டினால் வந்துவிடும்.
இதற்கு மூலப் பத்திரம்
எந்த ஊரில் பதிவாகியிருக்கிறது?

நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல்
அது குடியிருக்கிறது என்றாரே.
டிரைவருக்கு இருக்கும்.
முன்சீட்டுக் குழந்தை
யார் டம்ளரிலோ இன்று வாங்கியிருக்கும்.
ஜெரால்டுக்கும் யாரோ தந்ததுதான்,
அவன் எங்கோ நன்றாக நடந்துகொண்டிருக்கிறான்.
அத்தனை பேரில் நான் ஏன் என்பதை
இன்னும் தேடுகிறார்களாம்.
வைரஸ் மட்டும் போதாதாம், வேறேதோ சேர வேண்டுமாம்.

தென்பெண்ணைப் பாலம். கீழே மணல்தான்.
வலது கால் மரத்துக்கொண்டு வருகிறது.

தனசீலன் என் பையைத் திறந்து
தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார்.
கல்யாணமான நாளாய் அண்ணாந்தே குடிப்பவர்
இன்று வாய் வைத்துக் குடிக்கிறார்.

பஸ் குலுங்குகிறது.
அதனாலும் இருக்கலாம்.