ஆச்சரியக்குறிகளை எண்ணுதல்

பல்லடம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில்
ராக்கியப்பன் எனக்காக எடுத்து வைத்த
பழைய போஸ்டர்களையும் பேப்பர்களையும்
சுருட்டிக்கொண்டு ஒன்பதாம் வகுப்புக்குள் போனேன்.
"மிஸ்ஸே பேப்பர் போட ஆரமிச்சுட்டாங்கடா"
என்றது கடைசி பெஞ்சு.

முதலில் ஆச்சரியக்குறிகளை எண்ணச் சொன்னேன்.
பரபரப்பு மூன்று, பகீர் இரண்டு,
'திடுக்' என்று பாதியில் நின்றது ஒன்று.
"திடுக்குனு என்னாச்சுங் மிஸ்ஸு?"
ஒன்றுமில்லை.
அவிநாசிபாளையம் பிரிவில் பஞ்சு லாரி சாய்ந்தது.
டிரைவர் அந்நேரம் டீ குடிக்கப் போயிருந்தார்.

சிரித்தார்கள். சட்டென்று பிடிபட்டுவிட்டது.
'கொப்பரை கிலோவுக்கு இரண்டு ரூபாய் உயர்வு'
இது நல்ல பேப்பர்.
'தேங்காய்க்குள் தெரிந்த முகம்! திரண்டது கூட்டம்!'
இது மற்றது.
மெய்யரசன் மட்டும்
யார் முகம், யார் முகம் என்று
விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

போர்டின் நடுவே கோடு போட்டேன்.
இந்தப் பக்கம் கத்துவது,
அந்தப் பக்கம் சொல்வது.
பேப்பர் பெயர் தெரியாதபடி
ராத்திரி உட்கார்ந்து நறுக்கிய துண்டுகளை
ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தேன்.

ஜமுனா மாஜிக்குப் போனவை இவை:

'மில்லில் கேட்ட மரண ஓலம்!
நள்ளிரவில் நடந்தது என்ன?'

'நூற்பாலை விபத்து:
வடமாநிலத் தொழிலாளி பலி.'

"எது கத்துது, எது சொல்லுது, கண்ணு?"

மூன்று வருஷத்தில் இங்கே பிடித்த தமிழ்.
எங்களைவிட ஒரு 'ங்க' கூடுதலாகவே போடுவாள்.
எழுந்து நின்றாள்.
"ஓலமெல்லாம் இல்லீங்க மிஸ்ஸுங்க.
மிசின் ஓடற சத்தத்துல
யாருக்குமே ஒண்ணும் கேக்கலீங்க.
அது பொய்யிங்க."

சரி, உட்காரு என்று சொல்லியிருக்கலாம்.
விடை சரிதான்.

"ஆனா இதுலதானுங்க பேரு போட்டிருக்குது.
லோச்சன் மாஜி, நாப்பத்தொண்ணு.
மில்லு பேருகூட இருக்குது.
இன்னொண்ணுல தனியார் மில்லுங்கறாங்க.
வடமாநிலம்னா எதுங்க மிஸ்ஸு?
எங்க சித்தப்பாவுக்கு ஒடிசாங்க."

மெய்யரசன் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தான்.
மேலே மின்விசிறி.
எதிரே காரணம்பேட்டைக்குப் போகும் டவுன் பஸ்
ஆரன் அடித்துக்கொண்டே போய்த் தீர்ந்தது.

தலைப்பை நம்பாதே, உள்ளே படி என்று
பாடக்குறிப்பில் சிவப்பு மையில் எழுதியவள் நான்.
நறுக்கும்போது நான் படித்தது
தலைப்பு மட்டும்.

அவள் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை.
மணியடித்து எல்லோரும் போனபின் வந்தாள்.
"கத்தறத நான் எடுத்துக்கட்டுங்களா?
ஊர்ல சித்திக்கு அனுப்போணும்.
இப்ப எடுத்த போட்டோ வேற இல்லீங்க."

கொடுத்தேன்.
கொடுக்கும்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.
அந்தப் பக்கம், முகத்துக்கு நேர் பின்னால்,
மூலத்துக்கு மருந்து, ஒரே வாரத்தில் குணம்,
மூன்று ஆச்சரியக்குறி.
கத்தரிக்கோல் கையிலேயே இருந்தது.