பன்னிரண்டாவது போர்டு

பல்லடத்துப் பண்ணையிலிருந்து
பதினோரு போர்டுகள் திரும்பி வந்திருக்கின்றன.
பெட்டியைப் பிரித்ததும்
கணபதியில் எங்கள் பட்டறை முழுக்கக் கோழி எச்ச வாடை.
"ஒரே ராத்திரிங்க. காத்தாடி நின்னு போச்சு.
நானூறு கோழிங்கொ," என்றார் டெம்போக்காரர்,
கையெழுத்து வாங்கிக்கொண்டே.

பத்து மடங்கு லென்ஸ்.
ஈயம் ஒழுங்காகத்தான் உருகிப் படர்ந்திருக்கிறது,
குழிந்த சரிவு, வெடிப்பில்லை.
சூட்டுக்கோலை எடுக்கும்போது
இடப்பக்கம் ஒரு சின்ன வால் இழுபடும்:
துளசிமணி கை.
காலடியில்தான் கோளாறு.
உப்புத் தண்ணீர் சுண்டிய பாத்திரம் போல
வெள்ளை வளையம்,
அதைத் தாண்டி ரிலே வரைக்கும்
தடம் பிடித்துப் போகும் பச்சை.

பச்சை சாட்சி ஆகாது.
யார் அடித்தாலும் செம்பு
பச்சையாகத்தான் அழும்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தேன்.
குங்கிலியம் என்றால் தேன் நிறத்தில் கரைந்து வந்திருக்கும்.
வரவில்லை.
அடுத்தது தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம்,
அது தன் உப்பையும் சேர்த்துக் கொட்டிவிடும்.
காலையில் பிடித்த சிறுவாணியில் இரண்டு சொட்டு.
சர்க்கரை மாதிரிக் கரைந்தது வெள்ளை,
அடியில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம்.
பையனின் லேப் டப்பாவில் சுட்ட
நீல லிட்மஸைத் தொட்டு வைத்தேன்.
சிவந்தது.
கோழி மூச்சு காரம். அது
சிவப்பைத்தான் நீலமாக்கும்.

போதாது. சென்னியப்பன் நம்பமாட்டார்.
அதே வாரத்துச் சரக்கில் ஒன்று
டெஸ்டிங்குக்கென்று என் இழுப்பறையில் கிடந்தது.
பட்டறை வாசலைத் தாண்டாதது,
ஒரு கோழியின் கொக்கரிப்பும் கேட்காதது.
பன்னிரண்டாவது.
லென்ஸுக்கடியில் வைத்தேன்.
பச்சை.

பேஸ்ட் டப்பாவைத் தேடினால்
சால்டர் மேசைக்கடியில், புதுசு, மஞ்சள் நிறம்.
உக்கடத்தில் வாங்கியதாம்,
டப்பாவுக்கு நாற்பது ரூபாய் மிச்சமாம்.
மூடியில் தண்ணீர்க் குழாய் படம்.
ப்ளம்பர்களுக்கான அமிலத்தை
முடி கனத்துச் செம்புக் கோடுகளில்
மூன்று மாதமாகப் பூசியிருக்கிறோம்.

ரிட்டர்ன் நோட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
அதில் இதுவரை இரண்டே வாசகங்கள்தான் மாறி மாறி:
பார்ட்டி பராமரிப்பு சரியில்லை.
சால்டர் பெண் கவனக்குறைவு.
போன மாதம் வந்த நான்கு போர்டுக்கு
இரண்டாவதை எழுதியது நான்.
லென்ஸை எடுக்கவேயில்லை, டீ ஆறிக்கொண்டிருந்தது.
துளசிமணி சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்கள்.
"செரி வுடுங்கக்கா," என்றாள்,
அடுத்த போர்டை எடுத்துக்கொண்டே.

இன்று எழுதினேன்:
பேஸ்ட். வாங்கியவர், முதலாளி.

பிறகு போன மாதப் பக்கத்தைத் திருப்பி
என் வரியை அடித்தேன்.
வெள்ளை மை தடவவில்லை.
அடித்தது தெரியட்டும்.