பன்னிரண்டு புள்ளி வெளியே

வூப்பர்டாலில் ரயில் தொங்கியபடி போகிறது.
எங்கள் அலுவலகம் இரண்டாம் மாடி;
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
யாரோ ஒருவரின் குடையும் முழங்காலும்
என் ஜன்னலைக் கடக்கின்றன.

நான் மூன்று நாளாக
ஒரு பெருக்கல்குறியைத் தொங்கவிடப் பார்க்கிறேன்.

மருந்துக்கடைச் செயலி. ஒரு வெள்ளை அட்டை.
அதன் மேல்விளிம்பில்
பாதி உள்ளே, பாதி வெளியே,
மூடுவதற்கான வட்டம்.
வரைந்து கொடுத்த யோஸ்ட்டுக்கு அது அழகு.
ஐபோனில் நின்றது.
ஆண்ட்ராய்டில், அரிந்த எலுமிச்சை.

வழிவது தெரியட்டும் என்று
அட்டைக்கு ஒரு வரி எழுதினேன்.
தெரிந்தது. முழுசாகத் தெரிந்தது.
கைதட்டிக்கொண்டேன், தனியாக.

திங்கள் காலை சோதிக்க வந்தார்
அன்னெக்ரெட் க்யூலெம்,
முப்பது வருஷம் மருந்துக்கடைக் கல்லாவில் நின்றவர்.
வட்டத்தின் மேல்பாதியில் விரலை வைத்தார்.
மறுபடி. நகத்தால் ஒருமுறை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"இதில் பாதி பொத்தான். பாதி படம்."

தொடுகை மேலிருந்து இறங்கி வரும்.
ஒவ்வொரு பெட்டியையும் கேட்கும்,
இந்த விரல் உன் எல்லைக்குள்ளா?
அட்டை இல்லை என்றுவிட்டால்
அட்டையின் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை.
அது வெளியே நிற்கிறது, பளிச்சென்று,
எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு,
தொட்டால் தெரியாமல்.

என் வீட்டு அழைப்புமணியில்
பெயர் 'திருநாவுக்க' வரை.
மீதி பித்தளைச் சட்டத்துக்கு அடியில்.
பார்சல்காரன் அந்த அளவுக்கே கூப்பிடுகிறான்,
நானும் அந்த அளவுக்கே இறங்கி வருகிறேன்.

அடுக்கெண்ணை ஏற்றிப் பார்த்தேன்,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
உயரம் ஏறியது. எல்லை அகலவில்லை.

கடைசியில் வழி இதுதான்:
பிள்ளையை அட்டைக்குள்ளிருந்து எடுத்து
அட்டைக்குப் பக்கத்தில் வை.
இரண்டையும் சுற்றி நிறமில்லாத ஒரு பெட்டி,
மேலே பன்னிரண்டு புள்ளி கூடுதலாக.
பெற்றவளுக்குப் பிள்ளையே தங்கை.
முறை சொல்லிக் கூப்பிட முடியாத குடும்பம்;
வேலை செய்கிறது.

க்யூலெம் விளிம்பின் உச்சியைத் தொட்டார்.
அட்டை போய்விட்டது.
"ம்" என்றார்.
திறந்தார், மூடினார், திறந்தார்.
ஜன்னலில் ரயில் வந்து மேஜை அதிர்ந்து அடங்கியது.

"அட்டை போன பிறகும்
வட்டம் மட்டும் ஒரு கணம் நிற்கிறதே,
கவனித்தாயா?"

கவனிக்கவில்லை.
எழுதிக்கொண்டேன்.