ஆறு இலை, ஒரு வாளி

புதிய எம்.2 டிரைவைச் செருகி
விண்டோஸை அதற்குக் குடிபெயர்த்து
பழைய வீட்டைத் துடைத்துக் கழுவிய பிறகுதான்
கவனித்தேன்:
இரண்டு டிஸ்க்குகளைக் காணோம்.
சத்தமில்லை, புகையில்லை.
ஐந்தாம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் நேரே
வெறும் கோடு.

வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
பேஸ்மென்ட்டில் எனக்கு வியர்த்தது.

ஐந்தில்தான் கிடக்கிறது
பிருந்தாஜினியின் கலியாணம்.
மூன்று கமெரா, ஒன்பது மணிநேரம்.
வாழ்க்கை மூன்று வருடம்.
இப்போது வக்கீல் கேட்கிறாராம்,
வெள்ளிக்கிழமைக்குள்:
பதினொரு பவுண் சங்கிலியை
மேடையில் மாமி
மருமகளின் கழுத்தில் போட்டாரா,
மகனின் கையில் கொடுத்தாரா?
"அக்கா, நீங்கள் எல்லாம் எடுத்தனீங்கள்தானே?"
எடுத்தனான் என்றேன்.

மதர்போர்டின் கையேடு, நாற்பத்திரண்டாம் பக்கம்,
எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு:
இங்கே ஒருவர் அமர்ந்தால்
அங்கே இருவர் எழும்பிவிட வேண்டும்.
மணவறைக்கு முன்வரிசை நாற்காலி மாதிரி.
ஆக, எதுவும் சாகவில்லை.
இடம்தான் இல்லை.

பெம்பினா வீதிக் கடையில்
ரொசாலியோ மூன்று கார்டுகளை
கண்ணாடி மேசையில் பரப்பினான்.

முதலாவதற்கு ஆறு வாய். மலிவு.
"உள்ளே வழி ஒன்றுதான்" என்றான்,
"அதையே பிரித்துப் பிரித்துக் கொடுக்கும்."
எனக்கு உடனே விளங்கியது.
ஆறு இலை, ஒரு சாம்பார் வாளி.
வாளி கடைசி இலைக்கு வருவதற்குள்
சோறு காய்ந்துவிடும்.

இரண்டாவது, ஏதோ சர்வரின் வயிற்றிலிருந்து கழற்றியது.
எட்டு டிஸ்க்கை அசராமல் சுமக்கும்.
ஆனால் அடுப்பாய்க் கொதிக்கும்,
எந்நேரமும் விசிற வேண்டும்,
உள்ளே இருக்கிற மென்பொருளையும் மாற்றி எழுத வேண்டும்.
யானையைக் கட்டித் தீனி போட
என்னிடம் என்ன கோயிலா இருக்கிறது?

மூன்றாவது உள்ளங்கை அகலம்.
ஆறு போர்ட், நேர்மையான சிப், இரண்டு லேன்.
எண்பத்தொன்பது டொலர், வரி வேறு.
"நீளமான ஸ்லொட் காலியா?"
ஃபோனில் படம் காட்டினேன்.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.
கிராபிக்ஸ் கார்டின் தொப்பைக்குக் கீழே
ஒரு விரற்கடை இடைவெளி.
"போதும். மூச்சுப் பிடித்து இரு என்று சொல்."

காசு கொடுத்து மிச்சம் வாங்கிய பிறகு
ரசீதை மடித்தபடி கேட்டான்:
ஒரே ஒரு டிஸ்க்தான் அவசரம் என்றால்
வேலை செய்யும் போர்ட்டில்
வயரை மாற்றிச் செருகிப் பார்த்திருக்கலாமே?

பார்த்திருக்கலாம்.

வீட்டில், கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
கார்டை அழுத்தினேன். க்ளிக்.
ஸ்க்ரூ ஒன்று உள்ளே விழுந்து
பத்து நிமிடம் என்னை அலையவைத்தது.
பவர் போட்டதும்
முதலில் ஃபேன், பிறகு ஒரு முனகல்,
பிறகு ஐந்தும் ஆறும்
விடிகாலையில் எழுப்பப்பட்ட விருந்தாளிகளாய்
ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

இரண்டு மணி பதினான்காம் நிமிடம்.
மாமி சிவப்புப் பெட்டியைத் திறக்கிறார்.
ஒன்றாம் கமெராவை ஒரு சித்தப்பாவின் முதுகு மறைக்கிறது.
இரண்டாவதில் பேட்டரி மாற்றுகிறார்கள்.
மூன்றாவது நான்.
நானோ மேடையை விட்டுக் கீழே இறங்கிவிட்டேன்:
மாப்பிள்ளையின் சப்பாத்துக்குள்
மூன்று வயதுப் பொடியன் ஒருவன்
மாம்பழ ஜூஸ் ஊற்றுகிறான்.
மெதுவாக. சிந்தாமல். இரண்டு சப்பாத்துக்கும் சமமாக.
என் சிரிப்பில் படம் குலுங்குகிறது.
நிமிர்ந்தபோது பெட்டி மூடியிருக்கிறது,
எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

அந்தப் பதினேழு செக்கனை
அப்படியே அனுப்பிவைத்தேன்.

இரவு அவள் கூப்பிட்டாள்.
சங்கிலியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
"அவன் எங்கட நிரோஜன் அண்ணாவின்ர மகன்" என்றாள்.
"இப்ப கிரேட் ஒண்டு.
அந்தத் துண்டை இன்னொருக்கா அனுப்புங்கோ அக்கா,
வக்கீலுக்கில்லை."

கார்டில் இன்னும் நான்கு போர்ட் காலி.