பெரிய சொற்களின் வகுப்பு

ஸ்காபரோவில் இருந்து மச்சாளின் மகள் அனுப்பியிருந்தாள்,
ஒன்பது வயது, பெயர் ஆரபி:
"மாமி, ஐ ஆம் டையிங் டு சீ யூ."
போன் அகராதியில் அந்த நடுச்சொல்லைத் தட்டினேன்.
சாதல், என்றது.
உலை பொங்கி அடுப்பு அணைந்ததும் தெரியாமல்
கனடாவுக்கு எடுத்தேன். அங்கே
நடுச்சாமம் தாண்டி இரண்டரை மணி.
"பிள்ளைக்கு என்ன?"
மச்சாள் சிரித்த சிரிப்பில்
பக்கத்தில் படுத்திருந்தவரும் எழும்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தேன்.
விசுவமடுச் சந்தி, உரக்கடைக்கு மேல்மாடி,
யூரியா மணக்கும் பதினாறு படி.
ரீச்சர் வினுசாவுக்கு வயது இருபத்துமூன்று,
வவுனியாவில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்.
கொப்பியை நடுவால் கோடு பிரித்தாள்:
இடப்பக்கம் சும்மா சொல்,
வலப்பக்கம் உணர்ச்சிச் சொல்.

ஸ்டார்விங் என்றால் பட்டினி கிடத்தல்.
லஞ்ச் அரைமணி பிந்தினாலும் சொல்லலாம்.
ஃப்ரீசிங் என்றால் உறைந்துபோதல்.
ஃபானைக் கூட்டிவிட்டாலும் சொல்லலாம்.
பிரெத்டேக்கிங், மூச்சை எடுப்பது.
அதை எங்கே சொல்வது என்று கேட்டேன்.
"இரணைமடு வான் பாயேக்க, அன்ரி.
பாத்திட்டுச் சொல்லலாம்."
எழுதிக்கொண்டேன்:
மூச்சை எடுத்தல், அழகு.

முன்வாங்கில் ஓட்டோக்காரத் தவயோகன்.
முழங்காலைத் தடவியபடி எழும்பி
"மை நீ இஸ் கில்லிங் மீ" என்றார்.
ரீச்சர் கைதட்டினாள். எக்ஸலன்ட்.
அந்த முழங்காலுக்குள் புளியங்கொட்டை அளவில்
ஒரு இரும்பு இருக்கிறது.
மழை வருவது வானொலிக்கு முதல் அதற்குத் தெரியும்.
தமிழில் அவர் அதைச் சொல்வது:
"கொஞ்சம் உளைவு, வேற ஒண்டுமில்லை."

வீட்டில் பழகினேன்.
ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது
டிசாஸ்டர் என்று கத்தினேன்.
பக்கத்து வளவில் இருந்து பதறி ஓடிவந்தார்கள்.

பிறகு ஒரு வீட்டுப்பாடம்:
வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம்,
ஐந்து வரி, வலப்பக்கச் சொற்களால்.
முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன்.

பிரச்சினை நேரம்.
சாமான் விலை கூட.
கஞ்சி கிடைத்த நாளும் உண்டு.
இவர் தண்ணி எடுக்கப் போனவர்.
பிறகு நாங்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

கணக்காக ஐந்து வரி.
ஸ்டார்விங்கைக் கொண்டுபோய்க்
கஞ்சிக்குப் பக்கத்தில் இருத்தினேன்.
அரைமணி பிந்திய லஞ்ச் ஞாபகம் வந்தது.
அழித்தேன்.
போனவர் என்பதற்கு வென்ட்.
நாலெழுத்து, இடப்பக்கத்துச் சொல்.
அதையே வைத்து எழுதிக் கொடுத்தேன்.

வினுசா சிவப்புப் பேனையைத் திறந்தாள்.
வாசித்தாள். இன்னொருக்கால் வாசித்தாள்.
அந்த வருசம் இவளுக்கு எட்டு வயது இருக்கும்
என்று எனக்குள் கணக்குப் பார்த்தேன்.
பேனையை மூடினாள்.
"இறந்தகாலம் எல்லாம் சரி, அன்ரி."

ஓகஸ்டில் ஆரபி வந்தாள்.
தவயோகனின் ஓட்டோவில் இருந்து இறங்கும்போதே
"மாமி, ஐ ஆம் ஸ்டார்விங்!"
பாடம் தெரிந்தவள்தான் நான்,
ஆனாலும் கை நடுங்கிவிட்டது.
ஓடிப்போய்ச் சோறு போட்டேன்,
கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த ஜப்பான் மீன்.
முள்ளை நானே எடுத்துக் கொடுத்தேன்.
நாலு வாய். கோப்பையைத் தள்ளினாள்.
"ஐ ஆம் ஸ்டஃப்ட்."

அந்தச் சொல் எங்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை.
எழுத்துக் கேட்டு வலப்பக்கம் எழுதினேன்,
வாயில் பென்சிலோடு அவள் திருத்தினாள்.
இடப்பக்கம்: வயிறு நிறைந்தது.
மிச்சத்தை மூடி வைத்தேன்.
பின்னேரம் பிள்ளை திரும்பவும்
பட்டினி கிடக்கும்.