இரண்டு பெட்டி, மாங்குளம்

வவுனியாவில், பழைய இரும்புக் கடைக்குப் பக்கத்துக் கடை.
நாற்பத்தெட்டாயிரம். இருபத்தேழு கிலோ.
ஏதோ வங்கியின் இலக்கத் துண்டு இன்னும் முதுகில்.
பஸ்ஸில் இரண்டு சீற்றுக்குக் காசு கொடுத்து
யன்னல் பக்கம் அதை இருத்திக்கொண்டு வந்தேன்.
"தங்கச்சி, சவுண்ட் பொக்ஸோ?" என்றார் கொண்டக்டர்.
ஓமென்றேன்.
ஓமந்தை தாண்டுமுன் விளங்கப்படுத்தி முடிக்க ஏலாது.

பால் சங்கத்துக் கணக்கு அதுவரை
ஆரோ ஒருவரின் நாட்டில் வாடகைக்கு இருந்தது.
இங்கே லீற்றருக்கு மூன்று ரூபா கூடினால்
அங்கே டொலர் ஒன்பது ரூபா கூடும்.
முகாமையாளர் சிறீரஞ்சன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எங்கட பட்டியிலயே கட்ட ஏலாதோ?"

மூடியைத் திறந்தேன்.
பல்லி முட்டை இரண்டு, சுற்றாத விசிறி ஒன்று,
கொழும்புத் தூசி, சாம்பல் நிறம்.
எங்கள் தூசி சிவப்பு. அது இனித்தான் வரும்.

பெனடிக்ற் எர்த் வயர் இழுத்துத் தந்தார்.
பென் டிரைவைச் செருகினேன். அது கேள்வி கேட்டது:
நாடு எது.
எந்த ஊரின் நேரம்.
இரண்டு வட்டிலும் உள்ளதெல்லாம் அழியும், சம்மதமோ.
பெட்டிக்குப் பெயர் என்ன.
முதல் இரண்டுக்கும் அது காட்டியதையே விட்டேன்.
மூன்றாவதில் கொஞ்சம் நின்றேன்,
வங்கிக்காரரின் கடன்காரர்களை நினைத்து.
பெயருக்குக் கனகராயன் என்று போட்டேன்.
தமிழ் எழுத்தை ஏற்காது;
பதினொரு ஆங்கில எழுத்தில் ஆறு ஓடியது.

உள்ளே நாலு இயந்திரம் கட்டினேன், ஒன்றும் கிளம்பவில்லை.
ஒரு இரவு முழுக்க நுளம்புக்குக் காலைக் கொடுத்துவிட்டு
விடியப்புறம்தான் கண்டேன்,
அடி அமைப்பின் நாலாம் பக்கத்தில் 'முடக்கம்' என்றிருந்ததை.
ஒன்றைப் பலதாக்கும் வித்தை சிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.
பத்து வருசமாக ஒருவரும் தொடவில்லை.
துருசுக் கதவைத் தூக்குவதுபோலத் திறந்தேன் என்று எழுதலாம்.
உண்மையில் ஒரு என்டர்.

நாலும் எழும்பின.
பால் கணக்கு. கேற் கமரா.
கொழுப்புச் சோதனைக் கருவியோடு மட்டும் பேசுகிற
ஒரு கிழட்டு விண்டோஸ்.
நான் பிழைவிட்டுப் பழக ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் தான் மட்டுமே வீட்டில் என்ற நினைப்பு.
அதைக் கெடுக்காமல் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

கந்தோரில் கிடந்த பழைய கொம்பியூட்டரையும் பக்கத்தில் வைத்து
பாலி என்று பெயரிட்டுக் கேபிளால் இணைத்தேன்.
இப்போது பட்டியலில் புதிதாக ஒரு சொல்.
அதற்கு ஒருவரும் எனக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம்:
இடம்பெயர்த்து.

காலைப் பால் ஏறிக்கொண்டிருந்தது.
யோகமலர் அக்கா, ஆறரை லீற்றர், கொழுப்பு
எழுதப்படுமுன் அழுத்தினேன்.
கனகராயனிலிருந்து பாலிக்கு
ஓடிக்கொண்டே போனது கணக்கு.
கொழுப்பு நாலு தசம் ஒன்று என்று
மற்றப் பெட்டியில் விழுந்தது.
அக்கா கானைக் கழுவப் போய்விட்டார்.
திரையின் அடியில் ஒரு வரி:
இல்லாதிருந்த நேரம், எண்பத்துநாலு மில்லிசெக்கன்.

நாங்கள் ஒன்பது இடம். எனக்குப் பன்னிரண்டு வயது.
தையல் மெசினின் கால் முதலில், தலை பிறகு.
ஒரு வாளி. அதற்கடுத்த இடத்தில் கயிறு மட்டும்.
பொலித்தீன் பைக்குள் ஆவணங்கள், அதற்குள்ளும் தண்ணீர்.
சின்னண்ணா எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் என்று
இன்றைக்கும் வீட்டில் இரண்டு கதை.

தேவையில்லாமல் அதைத் திருப்பி அனுப்பினேன்.
எழுபத்தொன்பது.
திரும்பவும்.
தொண்ணூற்றிரண்டு.
"என்ன பிள்ளை, விளையாடுறியளோ?" என்றார் சிறீரஞ்சன்.
சோதிக்கிறன் என்றேன்.

பத்து மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
பெனடிக்ற் வாசலில், வயர்க் காசுக்கு.
ஆறு மீற்றர் என்றார், அளந்தால் ஐந்தரை.
ஆறென்றே எழுதிக் கொடுத்தேன்.